புதுப்பிப்பு: ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்துவிடலாமா என்று கேட்டிருந்தேனே

போன அக்டோபரில், ஜெர்மனிக்குப் படிக்கப் போன மூன்றாவது வாரம், "சாப்பாடு இறங்கவில்லை, பேச ஆளில்லை, திரும்பிவிடலாமா" என்று கேட்டிருந்தேன். இப்போது விடுமுறைக்குப் பாலக்கோடு வந்திருக்கிறேன். திரும்பவும் அங்கே போகத்தான் போகிறேன்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. அது தெரியாமல் முதல் வாரம் பிஸ்கட்டைத் தின்று படுத்தேன். இப்போதெல்லாம் சனிக்கிழமையே காய், பால் வாங்கிவிடுகிறேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். நம்ம ஊரோடு மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆனது. வழக்கமாக 9 மணிக்கு வரும் என் அழைப்புக்காக அம்மா 10 மணி வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

என்னைத் தேற்றியது களிதான். இந்தியக் கடையில் கேழ்வரகு மாவு கிடைத்தது. "தண்ணி தளதளன்னு கொதிக்கட்டும், அப்புறம் மாவைப் போடு கண்ணு" என்று அம்மா வீடியோ காலில் சொல்லச் சொல்ல, மரக்கரண்டிக் காம்பால் கிண்டினேன். அங்கங்கே கட்டி தட்டியது. ஆனாலும் கீரைக் கடைசலோடு முதல் வாய் உள்ளே போனதும் கண் கலங்கிவிட்டது.

"ஆறு மாதம் பொறுத்துப் பார் தம்பி" என்று அன்று சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. இந்த முறை பெட்டியில் முதலில் வைத்தது களிக்கோல்.