சுட்ட நீலமா, சுடாத நீலமா?

ஓமந்தையான்:
கலியாண மோதிரத்துக்கு 2 காரட் நீலக்கல் தேடுறம். ஒரு கடையில சுட்ட கல் (நிறத்துக்காகச் சூடேற்றினது), நல்ல ஆழ நிறம். மற்றதில சுடாத இரத்தினபுரிக் கல், கொஞ்சம் வெளிறல், விலை கூட. எதை எடுக்கலாம்? வன்னியிலயே நீலம் கிடைக்கும் எண்டும் ஒருத்தர் சொல்றார்.

நெடுங்கேணி_கல்:
கடைசிக் கதையை விடுங்கோ. புவியியலில ‘வன்னித் தொகுதி’ எண்டொரு பாறைத் தொகுதி இருக்கு, அந்தப் பேரால வந்த மயக்கம். நீலம் பெரும்பாலும் வாறது நடுவில இருக்கிற உயர்நிலத் தொகுதியில: இரத்தினபுரி, எலகெர, ஒக்கம்பிட்டிய. ‘இல்லம்’ எண்ட சரளைப் படையைத் தோண்டிக் கழுவித்தான் பொறுக்குறது. எடுக்கிறதெண்டா சுடாததை எடுங்கோ. அருமையானது, நாளைக்கு விற்றாலும் விலை நிக்கும்.

குளக்கட்டு:
நாளைக்கு விற்கவோ கலியாண மோதிரம்? 1970களில தாய்லாந்து வியாபாரிகள் எங்கட பால்நிறக் ‘கெவுட’வை 1600 பாகைக்கு மேல சுட்டு நீலமாக்கினவை. கல்லுக்குள்ள இருக்கிற ரூட்டைல் எண்ட தைட்டானியக் கனிமத்தின்ர மெல்லிய ஊசிகள் கரைஞ்சு, அதின்ர தைட்டானியம் இரும்போட சேர நிறம் வருது. அது மங்காது. சொல்லி வித்தா ஏமாத்து இல்லை.
‘இரத்தினபுரி’ எண்ட பேருக்கும் மயங்கவேண்டாம். 1998இல மடகஸ்காரின் இலாகாகாவில நீலம் கண்டபிறகு அந்தக் கல்லும் இஞ்ச வருது. ஒருகாலம் ஒட்டியிருந்த நிலம், கண்ணால பிரிக்கேலாது.

நெடுங்கேணி_கல்:
வெறும் சூடெண்டா சரி. ‘சுட்டது’ எண்ட சொல்லுக்குள்ள மற்றதெல்லாம் ஒளியுதே! சூட்டில வெளியில இருந்து தைட்டானியம் ஊட்டினா நிறம் தோலில மட்டும்: வெள்ளைக் கோப்பைத் தண்ணிக்குள்ள குப்புறப் போட்டுப் பாருங்கோ, பட்டை விளிம்பெல்லாம் கடும் நீலக் கோடாத் தெரியும். வெடிப்புக்குள்ள கோபால்ட் கண்ணாடி நிரப்பின கல் பத்தரின்ர அமிலத்திலயே அரிச்சுப்போகும். 10 மடங்கு பூதக்கண்ணாடியில நீட்டு ஊசிகள் 60 பாகைக் கோணத்தில குறுக்கால முழுசாக் கிடந்தா பெரும்பாலும் சுடாதது, புள்ளிபுள்ளியா உடைஞ்சிருந்தா சுட்டது. வளைஞ்ச கோடும் காத்துக்குமிழும் கண்டா செயற்கை.

குளக்கட்டு:
ஊசியே இல்லாத கல்லுக்கு என்ன செய்வியள்? நிறத்தை மாத்தப் பெரிலியம் ஊட்டினதும் பூதக்கண்ணாடியில பிடிபடாது. ஆய்வுகூடம்தான் வழி.
தராசில தண்ணிக் கோப்பையை வைச்சு, பூச்சியமாக்கி, கல்லை நூலில முங்கவிட்டு, கல்லின்ர நிறையை அப்ப தராசு காட்டுற அளவால வகுத்தா நீலத்தின்ர ஒப்படர்த்தி 4.00 வரவேணும். 0.01 கிராம் தராசுக்கு 5 காரட்டாவது வேணும். 2 காரட்டெண்டா 3.6 வாற ஸ்பினல் எண்ட வேற கல்லே நீலம் மாதிரிக் காட்டும். செயற்கை நீலத்துக்கும் அதே 4தான், அதையும் மறக்கவேண்டாம்.

பத்தர்_கிளிநொச்சி:
இரண்டு பேரும் வடிவத்தை விட்டிட்டியள். கல்லைப் பேப்பரில வையுங்கோ. நடுவால எழுத்து வாசிச்சா வெட்டுச் சரியில்லை, எவ்வளவு நிறமிருந்தும் நடு வெளிச்சுத்தான் இருக்கும். அடி வயிறு தள்ளியிருந்தா அந்த நிறைக்கும் காசு குடுக்கிறியள், மோதிரமும் உயரும். அதுக்காகத் திருப்பி வெட்டச் சொல்லாதேங்கோ. எங்கட கல்லில நிறம் பலநேரம் அடிநுனியில ஒரு பொட்டாத்தான் இருக்கும், அதைச் சீவினா முகம் வெள்ளை.
பிறகு கல்லைப் பிடிக்கிற நகத்தைச் சூட்டில ஒட்டேக்க கல்லைக் கழட்டச் சொல்லுங்கோ. சூட்டில வெங்காரம் பட்டா நீலத்தின்ர மினுக்கத்தை அரிக்கும்.

ஓமந்தையான்:
அப்ப சுடாத கல்லுக்கு ஆய்வுகூட அறிக்கை கேட்டா போதுமோ?

நெடுங்கேணி_கல்:
வாசிச்சுப் பார்த்து வாங்குங்கோ. ‘இயற்கை நீலம்’ எண்டு மட்டும் இருந்தா அது சுட்டதுக்கும் பொருந்தும். ‘சூடேற்றிய அடையாளம் இல்லை’ எண்ட வரி இருக்கவேணும்.

குளக்கட்டு:
இதில நானும் ஒத்துக்கொள்ளுறன். அந்த வரி இல்லாட்டி சுட்ட கல்லின்ர விலையைத்தான் குடுக்கவேணும்.