அரிசி ஆலையில் சங்கம் தொடங்கியாச்சு, முதலாளி பேச வரமாட்டேன் எண்டால்?

வாவிக்கரை:
இலங்கையில சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை, 60 பேர் வேலை. மூடை தூக்கிற நாட்டாமைமாருக்கு மூடைக் கணக்கில கூலி, நெல் அவிக்கிற, காயப்போடுற ஆக்களுக்கு நாட்சம்பளம். 18 பேர் சங்கம் தொடங்கியிருக்கினம். "சந்தையில என்ன கூலி போகுதோ அதத் தாறன், உங்களோட பேச என்ன கட்டாயம்?" எண்டு கேக்கிறார் முதலாளி. சட்டம் அவரைப் பேச வைக்குமா? விருப்பமில்லாத ஆளைக் கூப்பிட்டு இருத்தினால் அது பேரமா?

செங்கோடி:
பதிவுக்கு 7 பேர் போதும். தொடங்கி 3 மாதத்துக்குள்ள விண்ணப்பம், யாப்புப் பிரதி எல்லாம் தொழில் திணைக்களத்துக்குப் போகவேணும். ஆனால் பேச வைக்கிறதுக்குக் கணக்கு வேற. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999ல வந்த திருத்தம் தொழிலாளரில 40 வீதம் பேர் சங்கத்தில இருக்கவேணும் எண்டு கேக்குது. 60க்கு 24 பேர் வேணும், 18 எண்டால் 30 வீதம்தான்.

கனபேர் கவனிக்காதது ஒண்டு: அந்த 40 வீதம், சங்கம் ஆருக்காகப் பேசுதோ அவங்களில. 22 நாட்டாமைமாரில 14 பேர் உறுப்பினர் எண்டால், கோரிக்கையை நாட்டாமைக் கூலியோட மட்டும் நிப்பாட்டுங்க, 63 வீதத்துக்கு மேல வந்திடும். ஆலைக்குள்ள ரெண்டு சங்கம் பிரிஞ்சு ஆளுக்கு 30 வீதம் எடுத்தால் ரெண்டுக்கும் கதவு பூட்டு. நாட்டாமைமார் கொந்தராத்துக்காரரின் ஆக்கள் எண்டு முதலாளி சொல்லப் பார்ப்பார். அவங்கட சேமலாப நிதி (EPF) முதலாளி பேரில கட்டுப்படுதா, கொந்தராத்துக்காரர் பேரிலயா எண்டதை முதல்ல பாருங்க.

கணக்குப்பிள்ளை:
வாவிக்கரை, கடைசிக் கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தச் சட்டம் அவரை மேசைக்குக் கூப்பிடுதே தவிர கையெழுத்து வைக்கச் சொல்லேல்ல. அமெரிக்காவில 1935 சட்டப்படி பெரும்பான்மைச் சங்கம் ஒண்டே எல்லாருக்கும் பேசும். இஞ்ச அப்படி ஏகபோகம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் வந்தால், அதில வேறமாதிரி எழுதாட்டி, சங்கத்தில சேராதவருக்கும் அதுக்குக் குறையாத நிபந்தனை குடுக்கவேணும். சந்தாக் கட்டாமலே பலன் கிடைக்கிறதால பிறகு ஆள் சேர்க்கிறது கஷ்டம்.

விரும்பிச் செய்த ஒப்பந்தத்தை விட்டும் போகலாம். மலையகத் தோட்டங்களில 2021ல நாளுக்கு 1000 ரூபா எண்டது, குறைஞ்ச சம்பளத்தை நிர்ணயிக்கிற சம்பளச் சபையால வந்தோட கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டுச்சு, சம்பளத்தில சந்தா பிடிச்சுக் குடுக்கிறதும் நிண்டுச்சு. ஆலைக்கணக்கில வெட்டுற சந்தாவை நம்பி மட்டும் சங்கம் நடத்தாதீங்க.

நெல்மணி:
எப்ப பேசுறீங்க எண்டதும் முக்கியம். பெரும்போக அறுவடை வந்து, தொட்டியில நெல் ஊறிக் கிடக்கேக்க மறுத்துப் போறது முதலாளிக்குத்தான் நட்டம், நேரத்துக்கு அவிக்காட்டி புளிச்சு மணக்கும். வேலை குறைஞ்ச மாதத்தில கேட்டால் "போறவன் போ" எண்டுதான் பதில் வரும்.

ஒப்பந்தத்தில மூடை எண்டு மட்டும் எழுதாதீங்க. கொஞ்சநாளில மூடை பெருக்கும், கூலி அப்படியே நிக்கும். 100 கிலோவுக்கு இவ்வளவு எண்டு போடுங்க. லொறியில ஏத்த ஒரு விலை, மூடை அடுக்கிற அட்டியில ஆறாம் வரிசைக்கு மேல தூக்க இன்னொரு விலை. லொறி வராமல் காத்திருக்கிற நேரத்துக்கும் கூலி எழுதுங்க. கையெழுத்தான பிரதி தொழில் ஆணையாளரிட்டப் போய் அரச வர்த்தமானியில வரவேணும். இல்லாட்டி கூட்டு ஒப்பந்தம் எண்டு சட்டத்தில பிடிக்கேலாது.