புதுப்பிப்பு: விமானக் கேனபிச் சட்டத்தின் முறுக்கல் அடங்கியது

நான் கட்டிவரும் இருவர் விமானத்தின் கேனபி (விமானி அறையை மூடும் ஒளிபுகும் மூடி), பின்மூலையில் உடலோடு படியாமல் ஒரு விரல் நுழையுமளவு தூக்கி நிற்பதாகச் சென்ற முறை எழுதியிருந்தேன். குறை கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இல்லை. அதைத் தாங்கும் மெலிந்த சட்டம்தான் முறுக்கிக்கொண்டிருந்தது. சட்டத்தை உடலின் மேல் படியவைத்துக் கட்டி, உட்புறம் மூன்று அடுக்குக் கண்ணாடி இழைத் துணியை, இழைகள் 45 பாகைச் சாய்வில் அமையுமாறு எபாக்சிப் பசையில் ஒட்டி, முழுதும் இறுகும்வரை அவிழ்க்காமல் விட்டேன்.

அக்ரிலிக்கைச் சட்டத்தில் திருகத் துளையிடுவதற்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 பாகை செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளுமாதலால், திருகைவிடப் பெரிய துளைகளை, வெட்டுமுனை மழுக்கிய டிரில் பிட்டால் மெதுவாக இட்டேன். அப்படியும் ஒரு துளையின் விளிம்பில் மயிரிழை போல விரிசல் விழுந்தது. அதன் நுனியில் சிறு துளையிட்டு நிறுத்தியிருக்கிறேன். அக்ரிலிக்கைக் கெடுக்கும் கரைப்பானான அசிட்டோனை அருகில்கூடக் கொண்டுபோகவில்லை. தாழ்ப்பாள் வேலை இனிமேல்தான்.