தப்புப் பறை 6/8ல, டிரம் அண்ட் பேஸ் 174ல: ரெண்டும் ஒட்ட மாட்டேங்குது

ஹட்டன்_மெட்டு கேட்டது:
பிரிட்டன்ல டிரம் அண்ட் பேஸ் (வேகமான டிரம்ஸும் கனமான பேஸும் சேர்ந்த மின்னிசை) பாட்டெல்லாம் பாப் தரவரிசையில முதலிடம் வரைக்கும் போகுது. அந்த வகையில, ரேடியோவுக்குப் பொருந்துற ஒரு தமிழ்ப் பாட்டை நம்ம தப்போட சேர்த்துப் பண்ணணும். கையில இருக்கிறது 6/8ல (சுத்துக்கு ஆறு சின்ன அடி) நிமிஷத்துக்கு 120 பெரிய அடி வேகத்தில அடிச்ச தப்பு, அதே வேகத்தில பாடின பெண் குரல். ரெண்டையும் டிரம் அண்ட் பேஸோட 174 வேகத்துக்கு இழுத்தா குரல் கார்ட்டூன் மாதிரி ஓடுது, தப்பு ஒவ்வொரு அடியும் ரெண்டு தடவை கேக்குது. பேஸ் ஹெட்ஃபோன்ல நல்லா இருக்கு, போன்லயும் ஆட்டோ ஸ்பீக்கர்லயும் சுத்தமா இல்ல. எதை மாத்தணும்?

பண்டாரவளை_பீட்ஸ்:
குரலை 174க்கு இழுக்கவே கூடாதுங்க. இந்த இசை பாப்புக்குள்ள நுழைஞ்சதே அதனாலதான். டிரம்ஸ் 174ல ஓடும், பாடுறவங்க அதுல பாதி, 87ல நிதானமா பாடுவாங்க. 1997லயே ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் இந்த இசைக்கு மெர்குரி பரிசு (பிரிட்டன்ல வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்குக் குடுக்கிறது) வாங்கிட்டாங்க. ஆனா பிரிட்டன் தரவரிசையில முதலிடத்துக்கு வந்த முதல் டிரம் அண்ட் பேஸ் பாட்டு, 2012ல டிஜே ஃபிரெஷ் ரீட்டா ஓராவைப் பாட வச்சுப் போட்டது. அதே வருஷம் ருடிமென்டல், 2014ல சிக்மா, 2023ல கென்யா கிரேஸ். எதைக் கேட்டாலும் முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு முன்னால நிக்கும். கென்யா கிரேஸ் கிட்டத்தட்ட காதுக்குள்ள பேசுற குரல்லதான் பாடுறாங்க, கீழ டிரம்ஸ் பறக்குது.

அதனால மெட்டை 4/4ல 87க்கு மாத்தி, குரலைத் திரும்ப எடுங்க. 6/8 மெட்டை அப்படியே மேல வச்சா ஸ்நேரோட (டிரம்ஸ்ல பளீர்னு கேக்கிற அடி) முட்டும். பழைய குரல் வேணும்னா டிரம்ஸ் இல்லாத முன்னிசையில மட்டும் வைக்கலாம்.

டிரம்ஸ் ரொம்ப சிம்பிள். ஒரு பாரை (நாலு அடி) 16 கட்டமாப் பிரிச்சா கிக் (கனமான கீழ் டிரம்) 1லயும் 11லயும், ஸ்நேர் 5லயும் 13லயும். கிக்கை 9ல வச்சா கனமா நடக்கிற மாதிரி ஆயிடும். 11க்குத் தள்ளினாத்தான் அந்த ஓட்டம் வரும். நீளத்தையும் பாத்துக்குங்க: 174ல 16 பார் 22 செக்கன். கிளப் டிஜேக்கு 64 பார் முன்னிசை வசதியா இருக்கும், அது ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். ரேடியோவில அதுக்குள்ள ஸ்டேஷனை மாத்திடுவாங்க. 8 பாருக்குள்ள குரல் வந்துடணும்.

கொட்டகலை174:
குரல் பத்தி மேல சொன்னது சரி. தப்புக்கு வேற கணக்கு. அதை 116ல வைங்க. 174ல மூணுல ரெண்டு பங்கு 116. அந்த வேகத்தில தப்போட சின்ன அடியும் 174ல ஹை-ஹாட்டோட (டிரம்ஸ்ல டிக்டிக்னு ஓடுற தட்டு) அரை அடியும் ஒரே இடைவெளியில வரும், ரெண்டுமே நிமிஷத்துக்கு 348. 120ல இருந்து 116க்கு இறக்குறது 3 சதவீதம் சொச்சம்தான், காதுக்கே தெரியாது. இப்ப நீங்க பண்ணியிருக்கிறது 45 சதவீதம். அவ்வளவு இழுக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு அடியோட முனையையும் கிழிச்சிடும், ரெட்டை அடி கேக்கிறது அதனாலதான்.

தப்பு நாலு சுத்து போனா டிரம்ஸ் மூணு பார் போயிருக்கும், அங்க ரெண்டும் சந்திக்கும். அந்த மூணு பாருக்குள்ள தப்போட பெரிய அடி ஸ்நேர் மேல விழுறது ரெண்டே இடம்: முதல் பார்ல ரெண்டாவது ஸ்நேர், மூணாவது பார்ல முதல் ஸ்நேர். அங்க மட்டும் தப்பை 3, 4 டெசிபல் இறக்கினாப் போதும், மத்த இடத்தில தானா இடைவெளியில போயிடும். முழுப் பாட்டுக்கும் தப்பை அமுக்கிடாதீங்க, அப்புறம் எதுக்குத் தப்பு?

பல்லவி 16 பார்னா மூணு மூணா அஞ்சு தடவை போட்டு ஒரு பார் மிஞ்சும். அதை நிரப்பாதீங்க. டிரம்ஸை நிறுத்தி, தப்பை மட்டும் ஒரு தீர்மானம் அடிக்க விட்டா டிராப்புக்கு (டிரம்ஸும் பேஸும் மொத்தமா வந்து விழுற இடம்) நல்ல வழி.

திரும்ப ரெக்கார்ட் பண்ணறதா இருந்தா, நம்ம பக்கத்துப் பனிக்குத் தோல் சீக்கிரம் தொய்ஞ்சிடும். நெருப்புல காய்ச்சின உடனே தேவையானதையெல்லாம் எடுத்துடுங்க. முதல் டேக்கும் கடைசி டேக்கும் சுருதி வேறயா இருந்தா ஒட்டும்போது பல்லிளிக்கும்.

பதுளை_மிக்ஸ்:
பேஸ் காணாமப் போறதுக்குக் காரணம் ஸ்பீக்கர்தான். ஜி சுருதியில சப் பேஸ் (பேஸோட அடிமட்ட ஒலி) 49 ஹேர்ட்ஸ். போன் அதைத் தொடவே தொடாது. பேஸ் டிராக்கைப் பிரதி எடுங்க. அசலை 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ மட்டும் விட்டு மோனோவில (ரெண்டு பக்கமும் ஒரே ஒலி) வைங்க. பிரதியில டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குற எஃபெக்ட்) போட்டு 120க்குக் கீழ வெட்டுங்க. அப்ப 147, 196ல மேல்சுரங்கள் கிளம்பும். அசல் சுரம் இல்லாட்டியும் காது அதைக் கேட்ட மாதிரி எடுத்துக்கும். திருவிழா ஹார்ன் ஸ்பீக்கருக்கும் இதேதான் வழி.

கிக் அடிக்கும்போது பேஸ் விலக சைட்செயின் போடுவீங்கல்ல, அதில ரிலீஸ் (பேஸ் பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கிற நேரம்) 80, 90 மில்லிசெக்கன். 174ல ஒரு கட்டம் 86 மில்லிசெக்கன்தான். 200ன்னு வச்சா பேஸ் எழும்புறதுக்குள்ள ஸ்நேர் வந்துடும், பாட்டு முழுக்க மூச்சு வாங்கும்.

தப்பை 150 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க. ஸ்நேரோட உடம்பு 200 பக்கம் இருக்கும், அந்த இடத்திலயும் தப்பைக் கொஞ்சம் குறைங்க.

ஹட்டன்_மெட்டு:
116 வச்சுப் பாத்தாச்சு, தப்பு ஒட்டுது. குரலுக்கு எக்கோ எவ்வளவு வைக்கலாம்?

பண்டாரவளை_பீட்ஸ்:
345 மில்லிசெக்கன், அது 174ல ஒரு அடி. ரெண்டு தடவைக்கு மேல திரும்பி வர விடாதீங்க. எக்கோவில 300க்குக் கீழ வெட்டிடுங்க, இல்லன்னா ஸ்நேர் மேல உக்காந்துக்கும்.