மேடையில் வாயடைத்துப்போன கதை இருந்தால் சொல்லுங்கள்

தென்காசிக்காரன்:
எட்டாம் வகுப்பு, மாவட்டப் பேச்சுப்போட்டி. தலைப்பு வழக்கம்போல் காமராசர்தான். தமிழம்மா எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" அட்டகாசமாகப் போயிற்று. 1954இல் முதலமைச்சர் ஆனது, பள்ளிகளைத் திறந்தது, மதிய உணவு என்று வரிசையாக வந்து, வலக்கையை உயர்த்தி "ஆகவே" என்றேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மறுபடி "ஆகவே". மூன்றாவது தடவை சொன்னபோது முன்வரிசைப் பையன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நடுவரின் விரல் மேசை மணிக்கு மேலேயே நிற்கிறது. பாவம், அடிக்கவும் மனமில்லை. தூக்கிய கையை இறக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது 41 வயது. ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது "ஆகவே" என்றால் வயிற்றைக் கலக்குகிறது.

பச்சை அட்டை:
மனப்பாடம்தான் எதிரி. நான் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தில் சேர்ந்த பிறகுதான் உருப்பட்டேன். அங்கே நடக்கும் டேபிள் டாபிக்ஸ் என்ற திடீர்ப் பேச்சில் என் முதல் முறை மட்டும் மறக்காது. தலைப்பை அங்கேயே சொல்வார்கள், உடனே பேச வேண்டும். ஒரு நிமிடத்தில் பச்சை அட்டை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. எனக்கு வந்தது "குடை". மழைக்குப் பிடிக்கலாம், வெயிலுக்கும் பிடிக்கலாம் என்றேன், விஷயம் தீர்ந்துவிட்டது. பச்சை அட்டையைக் காணோம். டிராஃபிக் சிக்னலில்கூட நான் பச்சைக்கு அப்படி ஏங்கியதில்லை. முடிந்ததும் ஆ-கவுண்டர், அதாவது பேச்சில் வரும் வீண் சொற்களை எண்ணுபவர், எழுந்து கணக்கு வாசித்தார்: "ஆ" ஏழு, "வந்து" பதினொன்று, "அதாவது" பதினாறு. அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது, மனைவி பேசுவதில் எத்தனை "வந்து" என்று எண்ணிவிட்டேன். அதை அவளிடம் சொல்லியும் தொலைத்தேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பச்சை அட்டைத் தம்பி, மனப்பாடத்தைப் பழிக்காதீர்கள். தென்காசித் தம்பி மறந்தது உரையை அல்ல, காரணத்தை. எதனால் எது என்று தெரிந்தவனுக்கு "ஆகவே"க்கு அடுத்தது தானாக வரும். சொந்தமாக நாலு வாக்கியமாவது சொல்லிப் பார்க்கவிடாமல் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தது எங்கள் தப்புதான், நானும் செய்திருக்கிறேன். பயமும் புதிதல்ல. வள்ளுவர் 73ஆம் அதிகாரத்தையே அவை அஞ்சாமைக்கு ஒதுக்கியிருக்கிறார். "வாளொடென் வன்கண்ணர் அல்லார்க்கு", வீரம் இல்லாதவருக்கு வாள் எதற்கு என்று அதில் கேட்டவர் அதற்கு முந்தின அதிகாரத்தை அவையறிதலுக்கு வைத்தாரே, அதைக் கவனியுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். நான் சொல்வது: முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் மனப்பாடம், நடுவில் குறிப்புச் சீட்டில் ஐந்தாறு சொல், அவ்வளவுதான். மறந்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள். கடைசியாகச் சொன்ன வரியையே நிறுத்தி, அழுத்திச் சொல்லுங்கள். கேட்பவர் அதை அழகு என்று நினைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் மூச்சு விடலாம். வீட்டில் உட்கார்ந்து பழகாதீர்கள், நின்று பழகுங்கள். செல்போனில் பதிவுசெய்து கேளுங்கள், முதல் நாள் சகிக்காது, பரவாயில்லை. "நேரமின்மை காரணமாக" என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசாதீர்கள். என் அனுபவமா? ஒரு பணிநிறைவு விழாவில், விடைபெறுபவர் பெயருக்குப் பதிலாக என் பெயரையே சொல்லி வாழ்த்தினேன்.

எட்டாத மைக்:
ஐயா, வள்ளுவருக்கு மைக் இல்லை. எனக்கு இருந்தது, எட்டவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் நன்றியுரை. எனக்கு முன்னால் பேசியவர் ஆறடி. ஸ்டாண்டை இறக்கத் திருகினால் கீச்சென்று கத்துகிறது, பந்தலே காதைப் பொத்திக்கொண்டது. விட்டுவிட்டேன். பட்டுச்சேலைக்குள் குதிகாலைத் தூக்கி, முன்விரலில் நின்றபடியே பதினேழு பேருக்கு நன்றி சொன்னேன். கெண்டைக்கால் நடுங்கியது பயத்தால் என்று எல்லாரும் நினைத்தார்கள். "நல்லா தைரியமா பேசுனீங்க டீச்சர், கால்தான் ஆடிடுச்சு" என்று ஒரு அம்மா ஆறுதல் வேறு சொன்னார். மைக்செட் தம்பியை முன்கூட்டியே பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். அவருக்குத்தான் நன்றி சொல்லவும் மறந்துவிட்டேன்.

தென்காசிக்காரன்:
இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தத் தாள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். படிக்கச் சொன்னேன். "ஆகவே இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான் பாக்கி இருந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
"ஆகவே"க்குப் பிறகு கால்புள்ளி போட்டிருந்தார்களா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.