குவைத்தில் அக்காவின் பாஸ்போர்ட்டும் சம்பளமும் மாட்டியிருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் எங்கள் ஊர். அக்கா ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்தவர். முதியவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை என்று ஏஜென்ட் சொல்லி இரண்டு வருட ஒப்பந்தத்தில் அனுப்பினார், அங்கே இறங்கிய பிறகுதான் விசா 20, அதாவது வீட்டுவேலை விசா என்றே தெரிந்தது. பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த பாட்டியைக் குளிப்பாட்டுவது, குழாயில் உணவு கொடுப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அக்காதான். சமையலும் அவர் தலையில்.

பதினாலு மாதம் ஓடியது. போன மாதம் பாட்டி இறந்துவிட்டார். இப்போது கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, தன் சொந்தக்காரர் வீட்டுக்கு மாறச் சொல்கிறார், மாட்டேன் என்றதால் இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது, பாஸ்போர்ட்டும் அவர் கையில். குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் எண் வீட்டுப் பணியாளர் சட்டப்படி பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாதாம், வாரம் ஒருநாள் லீவும் உண்டாம். யார் கேட்கிறார்கள்!

ஏஜென்ட் போன் அணைத்தே கிடக்கிறது, ராமநாதபுரத்தில் அவர் இருந்த கடையும் பூட்டு. அக்காவுடையது ஈசிஎன்ஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்கான அரசு அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட், அதனால் இமிக்ரேட் (eMigrate) என்கிற இந்திய அரசுத் தளத்தின் அனுமதி இல்லாமலே போய்விட்டார், அதில் பதிவும் இல்லை. வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் புகார் போட்டு எண் வாங்கிவிட்டேன். குவைத் அடையாள அட்டையான சிவில் ஐடி, ஒப்பந்த நகல் போட்டோவாக இருக்கிறது.

அனுமதியில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறினால் ஓடிப்போனதாகக் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று அக்கா பயப்படுகிறார். அப்படிக் கேஸ் விழாமல் இருக்க அவர் முதலில் எங்கே போக வேண்டும், இந்தியத் தூதரகமா, அங்குள்ள வீட்டுப் பணியாளர் துறையா?