புதுக் கட்டடத்துக்கு பிம் மாடல் கேட்டு வாங்கலாமா?

கோவை_பராமரிப்பு:
கோவையில் ஒரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் புது பிளாக் முடியும் தறுவாயில் இருக்கிறது. டிசைனுக்குப் போட்ட பிம் மாடலை (கட்டடத்தின் பாகங்களை அவற்றின் விவரங்களோடு காட்டும் முப்பரிமாணக் கணினி மாதிரி), கட்டியபடி திருத்தித் தர ஒப்பந்தக்காரர் தனியாகப் பணம் கேட்கிறார். நிர்வாகமோ "பிடிஎஃப் டிராயிங் போதாதா?" என்கிறது. அன்றாட வேலைக்கு இது உதவுமா?

சில்லர்ரூம்:
கட்டாயம் வாங்குங்கள் சார். சென்னையில் ஓர் அலுவலக வளாகத்தில் ஏசி, பிளம்பிங் இரண்டும் என் பொறுப்பு. போன கோடையில் ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. டிராயிங் காட்டிய இடத்தில் டைலைக் கழற்றினால் வால்வு இல்லை, கேபிள் டிரே ஓடுகிறது. டைல் டைலாகக் கழற்றிக்கொண்டே போய், லிஃப்ட் லாபிக்கு மேலே டக்டுக்குப் பின்னால் வால்வைப் பிடித்தோம். அதற்குள் கீழே கார்பெட் ஊறிவிட்டது. மாடல் உள்ள பக்கத்து பிளாக்கில் இந்தத் தேடலே கிடையாது. டேப்லெட்டில் வால்வைத் தொட்டால், அதை மூடினால் எந்தெந்தக் கழிவறைக்குத் தண்ணீர் நிற்கும் என்பதுவரை வந்துவிடும். உங்களுக்கோ அது ஆக்சிஜன் லைன். எந்த வால்வு எந்த வார்டுக்கு என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா?

ஆனால் திரையில் சுற்றிக் காட்டும் முப்பரிமாணப் படத்துக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். டேக் எண், சீரியல் எண், வாரண்டி முடியும் தேதி, எங்கே சப்ளை போகிறது என்பதெல்லாம் ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே நிரம்பியிருக்க வேண்டும். அந்த விவரங்களை கோபி (COBie) என்ற அட்டவணை வடிவில் கேளுங்கள், எக்செல்லிலேயே திறக்கும். எந்த பிம் மென்பொருளுக்கும் பொதுவான ஐஎஃப்சி (IFC) கோப்பும் வேண்டும். மாடல் போடும் ரெவிட் மென்பொருளின் லைசென்ஸ் இல்லாமலே, இலவச வியூவரில் பார்க்கலாம்.

பழைய_சைட்காரர்:
நிர்வாகத்திடம் காட்ட ஒரு கணக்கு: கட்டடத் தகவல் மென்பொருள்களுக்கிடையே சரியாகக் கைமாறாததால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் வீணாகிறது என்று அந்நாட்டு அரசின் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2004இல் மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள், கட்டடத்தை நடத்துபவர்கள் தலையில்தான் விழுகிறது.

கோவை_பராமரிப்பு:
நன்றி. நாளைக்கு ஒரு சுவரை இடித்தால், ஒரு பைப்பை மாற்றினால், மாடலை யார் திருத்துவது?

சில்லர்ரூம்:
உங்கள் பிரிவிலேயே ஒருவரை இதற்கென்று நியமியுங்கள். எங்கள் வளாகத்தில் மாடலில் மாற்றம் ஏறாமல் எந்த வேலைக்கும் பில் பாஸ் ஆகாது. அப்புறம் ஒன்று, உங்களுக்கு இதுதான் அவசரம்: சீலிங் மூடுவதற்கு முன்னால் டேப்லெட்டோடு மாடி மாடியாக நடந்து, மாடலில் உள்ளது மேலேயும் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். ஒத்துவரும்வரை ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்து வைத்திருக்கும் ரிடென்ஷன் பணத்தை விடாதீர்கள்.